ராணிக்கேட்டும் ராணிப்பேட்டையும்: ஒரு கோழிச் சீக்கின் கதை

"சீக்குக் கோழி மாதிரி தூங்காதே" என்று திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் என் வயதில் குறைவு. இன்றைய பிள்ளைகளுக்கு அது திட்டு என்று புரியும். அந்தக் கோழி எப்படி நிற்கும் என்று தெரியாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு இறக்கையும் தரையைத் தொட, கண்ணை மூடி மூடித் திறந்தபடி ஒரு மூலையில் நிற்கும். கிட்டே போனாலும் ஓடாது. சித்திரை வைகாசியில் ஒரு வீட்டில் இப்படி ஒரு கோழி நின்றால், அடுத்த பத்து பதினைந்து நாளில் தெருவே வெறிச்சோடிவிடும். விடியற்காலம் கூவுவதற்கு ஒரு சேவல் மிஞ்சாது.

எங்கள் சிவகங்கைப் பக்கம் இதற்கு வெள்ளைக் கழிச்சல் என்று பெயர். அரசாங்க நோட்டீசில் கோழிக்கழிச்சல் நோய். படித்தவர்கள் சொல்வது ராணிக்கேட். கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பது வருடத்துக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றியவன் என்பதால் இதன் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்து எண்பது வருடம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் நம் வீட்டுக் கொல்லையில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டுதான் இருந்தன. மருந்து இருந்தும் ஏன் செத்தன என்பதுதான் நான் சொல்லவந்தது.

கோழி யாருடைய சொத்து?

நெல்லும் மாடும் ஆம்பளைகள் கணக்கு. கோழி மட்டும் வீட்டுப் பொம்பளைகளின் சொத்து. எங்கள் அப்பத்தா பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருந்தது. முட்டை விற்ற காசு, சேவல் விற்ற காசு எல்லாம் சிறுவாடாகச் சேரும். எங்களுக்கு நோட்டுப் புத்தகம், திருவிழாவுக்கு ராட்டினக் காசு, பேறுகாலத்துக்கு வந்த மகளுக்கு மருந்துச் செலவு என்று பல காரியம் அந்தச் சுருக்குப் பையிலிருந்துதான் நடக்கும். யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கையில் காசு இல்லாதவர்கள் வாரத்துக்குக் கோழி வாங்கி வளர்ப்பார்கள். பெட்டைக் கோழி ஒருத்தியுடையது, வளர்ப்பு இன்னொருத்தியுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. புருஷனை இழந்தவர்கள், நிலம் இல்லாதவர்கள் பலர் இப்படி ஒரு பெட்டையில் தொடங்கிப் பத்துக் கோழிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். கழிச்சல் வந்தால் அந்தப் பத்தும் ஒரு வாரத்தில் போய்விடும். மாடு செத்தால் ஊர் கூடித் துக்கம் கேட்கும். கோழி செத்தால் "கோழிதானே" என்பார்கள். இந்தக் கதையில் பாதி அந்த "தானே" என்கிற சொல்லுக்குள் இருக்கிறது.

கூடு திறக்கும்போதே பரிசோதனை

நோய் கண்டுபிடிப்பதில் நம் ஊர்ப் பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. விடிந்ததும் கூட்டைத் திறந்து ஒவ்வொரு கோழியாக வெளியே விடும்போதே பரிசோதனை முடிந்துவிடும்.

முதலில் இரைப்பை. ராத்திரி அடையும்போது நிறைந்திருக்க வேண்டும், விடியும்போது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் நாரோ வைக்கோலோ தின்று அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அடுத்து நெஞ்செலும்பு. விரலால் தடவினால் கத்தி மாதிரி கூர்மையாக நின்றால் வெகுநாளாகவே தீனி உடம்பில் ஒட்டவில்லை, வயிற்றில் பூச்சி இருக்கலாம். கொண்டை வெளுத்திருந்தால் இரத்தம் இல்லை. இறகைப் பிரித்து அடியில் பார்த்தால் பேன் தெரியும். அடிவயிற்றைத் தொட்டு முட்டை சிக்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசியில் எச்சம். பழுப்பாகக் கட்டியாக, மேலே வெள்ளையாக ஒரு பூச்சு இருந்தால் கோழிக்கு ஒன்றும் இல்லை. குஞ்சுகள் இரத்தம் கலந்து கழிந்தால் ஈரத்தில் அடைந்ததால் வரும் இரத்தக் கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் பீய்ச்சினால்தான் முகம் மாறும். கூடவே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், தொண்டையில் கொர் கொர் என்று சத்தம் வந்தால், "இது கொள்ளை நோய்" என்று அங்கேயே முடிவாகிவிடும். பிழைத்துக் கிடப்பதில் சிலதுக்கு ஒரு வாரம் கழித்துக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், தலை மேல்நோக்கித் திருகி நிற்கும். "ஆகாசம் பாக்குது" என்பார்கள். காலோ இறக்கையோ விழுந்துவிடுவதும் உண்டு.

அடைக்கு உட்கார்ந்த கோழியைச் சீக்கு என்று நினைக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதுவும் இறகைச் சிலிர்க்கும், தீனி எடுக்காது, ஒரே இடத்தில் கிடக்கும். ஆனால் கையை நீட்டினால் கொத்த வரும். சீக்குக் கோழி கொத்தாது.

பிற்பாடு பயிற்சியில் டாக்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையும் ஏறக்குறைய இதேதான். வைரஸ், ஒட்டுண்ணி என்று பெயர்கள்தான் புதிது.

வீட்டு வைத்தியம் எதுவரை?

சீக்கான கோழியைத் தனியாகப் பிரித்துப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பார்கள். குளிர் காலமானால் மேலே சாக்கு. தண்ணீரும் சோற்றுக் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவார்கள். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி என்று கைக்குக் கிடைத்ததை அரைத்துச் சுண்டைக்காய் அளவில் உருட்டி அலகைப் பிரித்துத் தொண்டையில் வைப்பார்கள்.

இதில் பலன் இல்லாமல் இல்லை. இரைப்பை அடைத்தால் வாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெளியிலிருந்து மெதுவாகப் பிசைந்துவிட்டால் பல கோழிகளுக்கு இளகிவிடும். முட்டை சிக்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய உட்காரவைத்து, விளக்கெண்ணெய் தடவிவிட்டால் முட்டை வந்துவிடுவதுண்டு. பேனுக்குச் சாம்பலும் வசம்புப் பொடியும். அம்மை போட்டால் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் கட்டிக் கண் மூடிக்கொள்ளும், கோழி தீனி தெரியாமல் பட்டினி கிடக்கும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கண்ணைத் துடைத்துவிட்டு, கையால் தீனி ஊட்டினால் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும். அங்கே கோழியைக் காப்பாற்றியது பூச்சு பாதி, கையால் ஊட்டிய தீனி பாதி.

கால் விழுந்த கோழி எல்லாமே கழிச்சல் கண்டது என்றும் சொல்ல முடியாது. இதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கு திடீரென்று கால் விழுந்தது. பிறகு தானாகவே சரியானது. விசாரித்தால், இடையில் கொஞ்ச காலம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மறுக்கவும் பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள், கோழிகளும் எழுந்துவிட்டன. அரிசியின் மேல்தோலில், அதாவது தவிட்டில், உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான். பி1 வைட்டமின் என்று இன்று மாத்திரையில் விழுங்குகிறோமே, அதுதான் அது. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் கோழிக்குத் தவிடு பிசைந்து வைப்பது அவருக்கு முன்பே இருந்த வழக்கம்.

ஆனால் வெள்ளைக் கழிச்சலில் இந்த வைத்தியம் எதுவும் நிற்கவில்லை. உருண்டை கொடுத்த கோழியும் செத்தது, கொடுக்காததும் செத்தது. தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் கடுமையான கழிச்சல் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கூடச் சாகும். மிஞ்சுகிற பத்தை எந்த வைத்தியம் காப்பாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் எல்லைச் சாமிக்கு "ஒரு கோழி மிஞ்சினாலும் உனக்கு" என்று நேர்ந்துகொள்வார்கள். வேறு வழி இல்லாத இடத்தில் மனுஷன் அதைத்தானே செய்வான்.

ஒரே சமயத்தில் மூன்று ஊர்கள்

இந்த நோய்க்கு ராணிக்கேட் என்று பெயர் வந்தது எப்படி? 1926-ல் ஜாவாவில் கோழிகள் கூட்டமாகச் செத்ததை கிரேனவெல்ட் என்ற டச்சு மருத்துவர் எழுதிவைத்தார். அதே வருடம் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற துறைமுக ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் செத்தன. டாயில் என்பவர் ஆராய்ந்து, இது வடிகட்டியிலும் நிற்காத நுண்கிருமி, அதாவது வைரஸ், என்று 1927-ல் எழுதினார். நல்ல பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக ஊர்ப் பெயரையே வைத்தார். அந்தத் தற்காலிகப் பெயர்தான் இன்றுவரை உலகம் முழுக்க வழங்குகிறது.

அதையொட்டி நம் நாட்டில் குமாவோன் மலையில் ராணிக்கேட் என்ற ஊரில் கோழிகள் மடிந்தன. பிரிட்டிஷ் பட்டாளம் தங்கியிருந்த மலைவாசஸ்தலம் அது. அதே குமாவோனில்தான் முக்தேஸ்வர் இருக்கிறது. பூனாவில் 1889-ல் தொடங்கிய கால்நடை ஆய்வுக்கூடத்தை 1893-ல் அங்கே கொண்டுபோயிருந்தார்கள். மாட்டு வெக்கை நோய்க்கு வேலை செய்துகொண்டிருந்த எட்வர்ட்ஸ் அங்கே இருந்தார். அவர் 1928-ல் இந்தக் கோழி நோயைப் பதிவு செய்தார். இந்தியாவில் ராணிக்கேட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மூன்றும் ஒரே நோய்தான் என்பது பின்னால் உறுதியானது.

இதை எங்கள் பக்கம் பலர் "ராணிப்பேட்டை நோய்" என்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. 1932-ல் சென்னை மாகாணத்துக்காக ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் தொடங்கினார்கள். நாங்கள் போட்ட கோழி ஊசி மருந்தெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. நோயின் பெயர் ராணிக்கேட், மருந்து வரும் ஊர் ராணிப்பேட்டை. "தம்பி, சீக்கும் அங்க இருந்துதான் வருது, மருந்தும் அங்க இருந்துதான் வருதாக்கும்?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டதுண்டு. இரண்டு ஊருமே ஒவ்வொரு ராணியின் பெயரால் வந்தவை. அதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

மருந்து வந்தது

கோழியில் தொடங்கிய தடுப்பு மருந்து இது ஒன்று மட்டும் இல்லை. கோழிக் காலரா என்ற வேறொரு நோயின் கிருமியை பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது, பழசாகிப்போன வளர்ப்பை ஊசி போட்ட கோழிகள் சாகாமல் பிழைத்தன. அப்புறம் வீரியமான கிருமியைச் செலுத்தியும் தாங்கிக்கொண்டன. 1880-ல் அவர் இதை வெளியிட்டார். வலுக்குறைந்த கிருமியைக் கொடுத்து வலுவான கிருமியைத் தடுக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் நிரூபணமானது அங்கேதான். நம் பேரப்பிள்ளைகளுக்குப் போடும் பல ஊசிகளுக்கு முன்னோடி ஒரு சீக்குக் கோழி.

ராணிக்கேட்டுக்கும் இதே வழிதான். வைரஸைக் கருமுட்டைக்குள் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வேகத்தைக் குறைத்தார்கள். எஸ்.ஜி. ஐயர் என்ற இந்தியரும் டாப்சன் என்ற ஆங்கிலேயரும் இப்படிச் செய்து 1940-ல் வெளியிட்டார்கள். அதே பத்தாண்டில் முக்தேஸ்வரில் ஹாடோ, இத்னானி என்ற இருவர் இன்னொரு விதை வைரஸை உருவாக்கினார்கள். முக்தேஸ்வர் விதை என்று உலகத்தில் பல நாடுகளில் பெயர் வாங்கியது அது. இங்கே நாங்கள் ஆர்2பி என்போம். ஒரு தடவை சரியாகப் போட்டால் கோழிக்கு நெடுநாள் பாதுகாப்பு. வீரியமான மருந்து என்பதால் எட்டு வாரம் ஆன கோழிக்குத்தான் போடலாம்.

குஞ்சுகளுக்கு மென்மையான சொட்டு மருந்துகள் பின்னால் வந்தன. இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் என்பவர் கண்டறிந்த எஃப் விதை ஒன்று. லசோட்டா இன்னொன்று. லசோட்டா என்றால் ஏதோ கம்பெனிப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். 1946-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியில் எந்தப் பண்ணைக் கோழிகளிடமிருந்து அந்த வைரஸை எடுத்தார்களோ, அந்தப் பண்ணைக்காரரின் பெயர் அது.

ஆக, நாடு சுதந்திரம் அடையும்போதே மருந்து கையில் இருந்தது.

ஐஸ் கட்டியும் நூறு டோஸும்

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மருந்து இப்படி வரும். சுண்டுவிரல் நீளக் கண்ணாடி ஆம்பூல். உள்ளே உறையவைத்து உலர்த்திய கொஞ்சம் தூள். அதில் நூறு கோழிக்கு மருந்து. உயிருள்ள வைரஸ் என்பதால் குளிரிலேயே இருக்க வேண்டும். வெயில் பட்டால் உள்ளே இருப்பது வெறும் தூள். உடைத்துத் தண்ணீரில் கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்.

இப்போது ஒரு ஊரை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில். மருந்தகத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள். ஃப்ளாஸ்க்கில் ஐஸ் கட்டி வேண்டும். ஐஸ் எங்கே கிடைக்கும்? குச்சி ஐஸ் விற்பவரிடம் கெஞ்சி வாங்கிய நாட்கள் உண்டு. சில சமயம் மேலிடத்திலிருந்து வரும்போதே ஐஸ் கரைந்து வெதுவெதுப்பாக வந்து சேரும் ஆம்பூல். அதை போட்டால் பலன் இருக்காது என்று தெரியும், போடாமல் திரும்பினால் ஊர் ஏசும்.

அடுத்தது நேரம். வீட்டுக் கோழியை விடிவதற்குள் கூட்டில் வைத்துத்தான் பிடிக்க முடியும். திறந்துவிட்டால் குப்பைமேடு, வேலி, வைக்கோல்போர் என்று போய்விடும், ராத்திரி வரை கைக்கு வராது. மரத்தில் அடைகிற கோழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் ஐந்தரைக்குப் போய் நின்றால்கூட, "ஐயோ தம்பி, இப்பத்தான தெறந்துவிட்டேன்" என்று நாலு வீட்டில் பதில் வரும். முந்தின நாளே தண்டோரா போட்டிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை.

ஒரு வீட்டில் ஆறு கோழி, அடுத்த வீட்டில் நாலு. ஆம்பூலை உடைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் நூறு கோழி சேர வேண்டும். நாற்பது சேர்ந்தால் பெரிய விஷயம். மிச்சத்தைக் கீழே கொட்ட வேண்டியதுதான். நாலு கோழிக்காக ஒரு ஆம்பூலை உடைக்க எந்த மருந்தகத்திலும் தயங்குவார்கள். "ஆள் சேர்த்துக்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். கூடையில் நாலு கோழியை வைத்துக்கொண்டு நடந்துவந்தவள் திரும்பி நடப்பாள். மறுமுறை வரமாட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. வருமுன் காக்கிற ஊசி இது. ஆனால் எங்களைக் கூப்பிடுவது பக்கத்துத் தெருவில் கோழி சாக ஆரம்பித்த பிறகுதான். கிருமி உடம்பில் நுழைந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான் கோழி தூங்க ஆரம்பிக்கும். பார்க்க நன்றாக இருக்கிற கோழிக்கு இன்று ஊசி போடுவோம், உள்ளே ஏற்கெனவே கிருமி இருக்கும், நாளைக்கு மறுநாள் செத்துவிடும். "ஊசி போட்டுத்தான் செத்துச்சு" என்று ஊர் சொல்லும். அவர்கள் கண்ணால் கண்டது அதுதான், கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு ஊரில் இப்படிப் பெயர் கெட்டால் ஐந்து வருடத்துக்கு அந்த ஊரில் யாரும் கூட்டைத் திறந்து காட்டமாட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் நாமக்கல் பக்கம் பெரிய பண்ணைகள் பெருகின. அங்கே ஆயிரக்கணக்கில் கோழி ஒரே கூரையின் கீழ் இருக்கும். குளிர்பெட்டி இருக்கும், ஆயிரம் டோஸ் புட்டியைக் குடிதண்ணீரில் கலந்துவிடலாம். அதே வைரஸ், அதே மருந்து. பண்ணைக்குப் பொருந்திய அளவு பஞ்சாரத்துக்குப் பொருந்தவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை இது. மருந்தைப் புட்டியில் அடைக்கும்போது, நாலு கோழி வைத்திருக்கிற பெண்ணின் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

சீக்கைப் பரப்பியதில் நம் பழக்கங்களுக்கும் பங்கு உண்டு. ஒன்று தூங்க ஆரம்பித்ததும் மிச்சத்தைக் காசாக்கிவிடுவோம் என்று சந்தைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே வாங்கியவர் வீட்டுக்குச் சீக்கும் சேர்ந்து போகும். சாகப்போகிறதை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு, இறகையும் குடலையும் குப்பையில் கொட்டுவார்கள். அதை மற்ற கோழிகள் கிளறும். வறுமையில் ஒரு கோழியை வீணாகப் புதைக்க யாருக்குத்தான் மனது வரும்?

தீனியில் ஒரு மருந்து

இந்தச் சிக்கலுக்கு வழி எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் எந்த நோயும் இல்லாத கோழிகளிடமே இந்த வைரஸின் சாதுவான வகை ஒன்றைக் கண்டார்கள். வி4 என்று பெயர். கோழியை அது ஒன்றும் செய்யாது, ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கொடுக்கும். 1980-களில் ஸ்பிராட்பிரோ என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியரும் மலேசிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, அதிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைப் பிரித்தெடுத்துத் தீனியில் கலந்து கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழியைப் பிடிக்கவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதே வழியில் போய், வீட்டுக் கோழிகளுக்கென்றே வாய்வழிக் குருணை மருந்தை உருவாக்கியது. தீனியோடு கலந்து வைத்தால் கோழி தானே பொறுக்கித் தின்றுவிடும். நாலு கோழி வைத்திருப்பவள் நாலு கோழிக்கு வேண்டியதை மட்டும் கொடுக்கலாம். முதல் முறை அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, கரைந்துபோன ஐஸ் ஃப்ளாஸ்க்குகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. முக்தேஸ்வரில் மருந்து பிறந்ததற்கும் இதற்கும் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. இடையில் எத்தனை சுருக்குப் பைகள் காலியாயின என்று எந்தப் பதிவேட்டிலும் இராது.

இப்போது கோழி வளர்ப்பவர்களுக்கு

ஓய்வு பெற்ற என் நண்பர்கள் பலர் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு முட்டை, நமக்குப் பொழுதுபோக்கு. அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

கோழி தூங்கினால் முதலில் தனியே பிரியுங்கள். இரைப்பை, எச்சம், மூச்சு மூன்றையும் பாருங்கள். அடைப்பு, முட்டைச் சிக்கல், பேன், அம்மை என்றால் மேலே சொன்ன வீட்டுப் பக்குவத்தோடு கஞ்சியும் வெதுவெதுப்பும் உதவும். ஒரு நாளில் தெளியவில்லை என்றால் மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். பச்சை வெள்ளைக் கழிச்சலும் மூச்சு வாங்கலும் சேர்ந்து கண்டால் உருண்டை உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதைக் குணமாக்கும் மருந்து இன்றும் கிடையாது. மற்ற கோழிகளைக் காப்பதில்தான் கவனம் வேண்டும். செத்ததை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சீக்குக் கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. இந்த வைரஸ் மனிதர் கண்ணில் பட்டால் சில நாள் சிவந்து வலிக்கும் என்பதை 1943-லேயே ஆஸ்திரேலியாவில் பர்னெட் எழுதியிருக்கிறார். பெரிய ஆபத்து இல்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் பறவைக் காய்ச்சல் வேறு விஷயம். 2006-ல் மகாராஷ்டிராவில் நவாப்பூரில் நம் நாட்டுக்குள் முதன்முதலில் தலைகாட்டியது அது. கொண்டையும் தலையும் வீங்கிக் கருநீலமாகி, ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால், கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வெளிப்பார்வைக்கு இரண்டு நோயும் ஒன்றுபோல் இருக்கும், ஆய்வுக்கூடத்தில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று. நம் மாநிலத்தில் பிப்ரவரி மாதம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறார்கள். ஊசி இலவசம். வெயில் காலத்துக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம். முதல் நாள் ராத்திரியே கோழிகளைக் கூட்டில் அடைத்து, மறுநாள் ஊசி போடும் வரை திறக்காமல் வையுங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு ஃப்ளாஸ்க்கோடு வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.